கால் முறிவு ஆபரேஷனுக்குப் பிறகு மூடி மூடித் திறக்கும் புண்: பிளேட்டை எடுத்தால் ஆறிவிடுமா?

தோட்டத்துத் தங்கச்சி

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். என் அண்ணனுக்காகத்தான் கேட்கிறேன். வயது 44, செம்பனையில் குலை வெட்டுகிறார். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி சமயம், விடியற்காலை வேலைக்குப் போகும்போது மோட்டாரோடு லாரியில் அடிபட்டு வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்துவிட்டது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. முதலில் கழுவி வெளிப்பக்கமாகக் கம்பி மாட்டினார்கள். பிறகு அதைக் கழற்றிவிட்டு உள்ளே பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தார்கள்.

தையல் பிரித்தபின் ஆறியது, நடக்கவும் ஆரம்பித்தார். அப்புறம் கணுக்காலுக்கு மேலே ஓர் இடம் சிவந்து வீங்கி, உடைந்து, சீழ் வந்தது. கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள், மூடிக்கொண்டது. கொஞ்ச நாளில் மறுபடியும் அதே இடம். அன்றிலிருந்து இப்படியேதான் ஓடுகிறது. மாத்திரை சாப்பிட்டால் மூடும், முடிந்தால் திறக்கும். மூடியிருக்கும்போதுதான் வலி அதிகம், ராத்திரியில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். உடைந்து வடிந்தால் வலி இறங்கிவிடும்.

போன வாரம் கட்டு மாற்றும்போது காஸ் துணியோடு நொய்யரிசி அளவுக்கு வெள்ளையாக, கெட்டியாக ஒன்று வந்தது. விரலில் வைத்து உருட்டிப் பார்த்தேன், ஓரம் கூராகக் குத்தியது. அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

பிளேட்டை எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். காலையே எடுக்க வேண்டி வரும் என்று பயமுறுத்துகிறார் இன்னொருவர். இந்த மாதிரி பார்த்தவர்கள், பட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மூலிகை மாமா

தங்கச்சி, மனசை விட்டுடாதேம்மா. எங்க அப்பா காலத்துல ரப்பர் தோட்டத்துல கை கால் உடைஞ்சா மலாய்க்காரங்க கிராமத்துக்கு, கம்பத்துக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க. அங்க எலும்பு கட்டுறவர் மூங்கில் சிம்பு வச்சுக் கட்டி எண்ணெய் தடவுவார். நல்லா ஆனவங்களை என் கண்ணால பார்த்திருக்கேன். பிரண்டையைத் துவையலாச் செஞ்சு தினமும் கொடு, எலும்பு கூடும். புண்ணுக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பத்துப் போடு. மீன், முட்டை, இறால் எல்லாம் நிறுத்திடு, அது சீழை இழுக்கும். மாத்திரையா முழுங்கி முழுங்கி உடம்பு சூடேறித்தான் புண் ஆறாம இருக்கு.

எலும்பு வார்டு மிஸ்ஸி

அந்த நொய்யரிசி விஷயத்தைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். அரசாங்க ஆஸ்பத்திரி எலும்பு வார்டில் நர்ஸாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான்.

தங்கச்சி, வந்தது பெரும்பாலும் செத்துப்போன எலும்பின் துணுக்கு. டப்பாவை எறிந்துவிடாதே, டாக்டரிடம் காட்டு. எலும்பு வெளியே தெரிய உடையும்போது, அதைப் போர்த்தியிருக்கிற சவ்வும் சதையும் கிழிந்து, சில இடங்களுக்கு ரத்தம் போவது நின்றுவிடும். ரத்தம் போகாத எலும்பு செத்துவிடும். அந்தச் செத்த துண்டிலும் பிளேட்டின் மேலும் கிருமி ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்கிற கிருமி, நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாக இருப்பது. ஒட்டியபின் தன்னைச் சுற்றி ஒரு பிசின் படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். பயோஃபிலிம் என்பார்கள். தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் வழுவழுவென்று பாசி பிடிக்குமே, தண்ணீரை எத்தனை தடவை மாற்றினாலும் பாசி போகாது, இறங்கித் தேய்த்தால்தான் போகும். அதே கதைதான் இங்கேயும். மாத்திரை ரத்தத்தின் வழியாகத்தான் போகும். செத்த எலும்புக்கு ரத்தமே போகாது என்றால் மருந்து எப்படிப் போய்ச் சேரும்? சுற்றியுள்ள சதையில் பரவிய கிருமியை மாத்திரை அடக்கிவிடுகிறது, புண் மூடுகிறது. உள்ளே இருக்கும் கிருமி அப்படியே காத்திருக்கிறது. சீழ் சேரச் சேர உள்ளே அழுத்தம் ஏறும், அண்ணனுக்கு வலிப்பது அதனால்தான். வழி கிடைத்தால் உடையும், வலி குறையும்.

ஆகவே மூடிய புண்ணை ஆறிய புண் என்று எண்ணிவிடாதீர்கள். என் வார்டில் இதை நம்பி வருஷக்கணக்கில் ஓட்டியவர்களைப் பார்த்து மனது நொந்திருக்கிறேன். எலும்புவரை போகிற புரைப்புண் இருந்தாலே உள்ளே எலும்பில் கிருமி இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு ரவுண்டு மாத்திரை இதற்கு மருந்தாகாது. எலும்பு சர்ஜன் திறந்து, செத்ததை எல்லாம் எடுத்தாக வேண்டும்.

பிளேட் விஷயத்துக்கு வருகிறேன். எலும்பு நன்றாகக் கூடியிருந்தால் பிளேட்டையும் செத்த எலும்பையும் எடுத்துவிட்டு மருந்து கொடுப்பார்கள். கூடவில்லை என்றால் பிளேட்டை மட்டும் உருவுவதில் அர்த்தமில்லை. முறிந்த இடம் ஆடும். எலும்பு ஆடிக்கொண்டே இருந்தால் கிருமியும் அடங்காது, எலும்பும் கூடாது. அப்போது அதை எடுத்துவிட்டு வேறு வகையில் நிலைநிறுத்த வேண்டும். சில சமயம் எலும்பு கூடும்வரை மருந்தால் அடக்கிவைத்து, கூடிய பிறகு பிளேட்டை எடுப்பதும் உண்டு. ஆகவே முதல் கேள்வி: கூடியிருக்கிறதா? கடைசி எக்ஸ்-ரே எப்போது எடுத்தார்கள்? சர்க்கரை உண்டா? சிகரெட் பிடிப்பாரா?

நெறியாளர்

எக்ஸ்-ரே படம் போடுவதாக இருந்தால் மூலையில் உள்ள பெயரையும் ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணையும் மறைத்துவிட்டுப் போடவும்.

தோட்டத்துத் தங்கச்சி

மிஸ்ஸிம்மா, ரொம்ப நன்றி. இவ்வளவு பொறுமையாக யாரும் சொன்னதில்லை. சர்க்கரை இருக்கிறது. கிளினிக் கார்டில் மூன்று மாதச் சர்க்கரை 9.6 என்று எழுதியிருக்கிறது. சிகரெட்டும் பிடிக்கிறார், எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. கடைசி எக்ஸ்-ரே எடுத்து ரொம்ப நாளாகிவிட்டது. அப்பாய்ன்மென்டுக்குப் போகச் சம்பளம் போகுமே என்று நிறுத்திவிட்டார். புண் உடைந்தால் தனியார் கிளினிக், மாத்திரை, அவ்வளவுதான். ஒரு தடவை புண்ணின் வாயில் பஞ்சுக்குச்சியால் துடைத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ஏதோ கிருமி பேர் வந்தது, அதற்கு ஏற்ற மாத்திரை என்று கொடுத்தார்கள். அதிலும் இதே கதைதான்.

ஆய்வுக்கூடத்தில் இருப்பவள்

நான் நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். அந்தப் பஞ்சுக்குச்சியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

புண்ணின் வாயில் துடைத்தால் தோலில் இருப்பதும், கட்டுத் துணியில் இருப்பதும், கை பட்டதும் எல்லாம் சேர்ந்து வரும். எலும்புக்குள் உட்கார்ந்திருப்பது வேறு ஒன்றாக இருக்கலாம். அந்தத் துடைப்பை நம்பி மருந்து தேர்ந்தெடுத்தால் இல்லாத கிருமியோடு சண்டை போடுவதாகிவிடும். ஆபரேஷன் மேசையில், ஆழத்திலிருந்து எடுத்த எலும்பும் சதையும்தான் எங்களுக்கு வேண்டும். குறைந்தது 5 இடங்களில் எடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனிச் சுத்தக் கருவி. இரண்டு மாதிரிகளில் ஒரே கிருமி வளர்ந்தால் நம்பலாம். ஒன்றில் மட்டும் ஏதாவது வளர்ந்தால் அது தோலிலிருந்து வந்ததா என்று யோசிக்க வேண்டும். கூடவே ஒரு துண்டு திசுப் பரிசோதனைக்கும் போக வேண்டும்.

இதில் வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. மாதிரி எடுப்பதற்கு முன் 2 வாரமாவது ஆன்டிபயாட்டிக் சாப்பிடாமல் இருந்தால் நல்லது. சாப்பிட்டுக்கொண்டே வந்தால் கிருமி இருந்தும் எங்கள் தட்டில் வளராது, 'ஒன்றும் இல்லை' என்று ரிப்போர்ட் போய்விடும். ஆனால் நிறுத்துவதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், அண்ணனாக நிறுத்தக் கூடாது. காய்ச்சல், குளிர் நடுக்கம் இருந்தால் காத்திருக்கவே மாட்டார்கள். இந்தக் கிருமிகளில் சில மெதுவாக வளர்கிறவை, அதனால் 14 நாள்வரைகூட வைத்துப் பார்ப்போம். ரிப்போர்ட் தாமதமானால் எங்கள் மேல் கோபப்படாதீர்கள்.

சர்க்கரை, தோட்டத்து வேலை, மண்ணில் அடிபட்ட புண் என்று மூன்றும் சேர்ந்திருப்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் நாட்டு மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமி உண்டு. அது தருகிற நோய் மெலியாய்டோசிஸ். 1912ல் விட்மோர், சி.எஸ். கிருஷ்ணசுவாமி என்ற இரண்டு மருத்துவர்கள் ரங்கூனில் முதலில் கண்டு எழுதினார்கள். அடுத்து இதை விரிவாக ஆராய்ந்தவர்கள் நம் கோலாலம்பூரில் இருந்த ஸ்டான்டனும் ஃபிளெட்சரும். சர்க்கரை நோயாளிகளைத்தான் அதிகம் பிடிக்கும். நுரையீரலில் வருவதுதான் அதிகம், ஆனால் எலும்பிலும் மூட்டிலும் வரும். சாதாரண மருந்துகள் பல இதற்குக் கேட்காது. முதலில் செஃப்டாசிடிம் போன்ற ஊசி வாரக்கணக்கில், பிறகு மாத்திரை மாதக்கணக்கில் என்று இதன் வைத்தியமே தனி. அண்ணனுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை, மிஸ்ஸி சொன்ன ஸ்டஃபைலோகாக்கஸ்தான் இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனாலும் 'சர்க்கரை உள்ளவர், தோட்டத்தில் வேலை' என்ற ஒரு வரி விண்ணப்பத் தாளில் எழுதி வந்தால் நாங்கள் அந்தக் கண்ணோடு தேடுவோம். அந்த வரியை எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

காலில் வளையம் போட்டவன்

பஹாவ் பக்கத்திலிருந்து எழுதுறேன். உங்க அண்ணன் கதை அப்படியே என் கதைதான் தங்கச்சி. எனக்குப் பிளேட் இல்ல, எலும்புக்குள்ள நீளமா ஒரு கம்பி, ராட். சீழ் வடிஞ்சுகிட்டே வேலைக்குப் போனேன், பூட்ஸுக்குள்ள சாக்ஸ் நனைஞ்சு மஞ்சளாகி நாறும். பக்கத்துல உட்கார்றவங்க நகர்ந்து உட்காருவாங்க. அதை நினைச்சா இப்பவும் மனசு கஷ்டமாயிருக்கு. உங்க அண்ணன் அப்பாய்ன்மென்டுக்குப் போகாம இருக்கறதுல சம்பளம் மட்டும் காரணமா இருக்காது, கூச்சமும் இருக்கும். அவர்கிட்ட மெதுவாப் பேசுங்க.

என்ன செஞ்சாங்கன்னு சொல்றேன். ராட்டை எடுத்தாங்க. செத்த எலும்பைச் சீவிகிட்டே போய், சின்னச் சின்னப் புள்ளியா ரத்தம் கசியற எலும்பு வர்ற வரைக்கும் எடுத்தாங்களாம். டாக்டர் எனக்கு அப்புறம் எக்ஸ்-ரேயில காட்டினார். நாலு விரல்கடை எலும்பு அங்க இல்லை. பார்த்ததும் எனக்கு வாய் உலர்ந்துபோச்சு. அந்தக் காலி இடத்துல மருந்து கலந்த சிமெண்டு மணிகளைக் கோத்து வச்சிருந்தாங்க, ஜெண்டாமைசின் மருந்து. ரத்தம் வழியாப் போக முடியாத இடத்துல மருந்து அங்கேயே கசிஞ்சுகிட்டிருக்குமாம்.

அப்புறம் இலிசாரோவ் வளையம். ரஷ்யாவுல குர்கன்ங்கிற ஊர்ல இலிசாரோவ்னு ஒரு டாக்டர் 1950கள்ல கண்டுபிடிச்சது. காலைச் சுத்தி இரும்பு வளையம், வளையத்துலேருந்து மெல்லிய கம்பிகள் எலும்பைத் துளைச்சு மறுபக்கம் போகும். நல்ல எலும்பு இருக்கற இடத்துல மேலே ஒரு வெட்டுப் போட்டு, அந்தத் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமா கீழே இறக்குவாங்க. பின்னால விட்டுட்டு வர்ற இடைவெளியில புது எலும்பு வளரும். ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர். ஒரே தடவையா இல்ல, கால் மில்லி கால் மில்லியா நாலு வேளை. காலையில எழுந்ததும், சாப்பாட்டு நேரம், சாயங்காலம், படுக்கறதுக்கு முன்னாடி. சின்ன ஸ்பேனரை என் சம்சாரம் பிடிச்சுத் திருப்புவா, நான் தாள்ல கோடு போடுவேன். அவசரப்பட்டுக் கூடத் திருப்பினா எலும்பு வளராது. விட்டுட்டா முன்னாடியே ஒட்டிக்கும்.

சுகமா இருந்துச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். கம்பி தோலை அறுத்துகிட்டு நகரும், அந்த இடம் எரியும். கம்பி நுழையற ஒவ்வொரு வாயையும் தினமும் உப்புத் தண்ணியால துடைக்கணும். பேண்ட்டோட காலைப் பிரிச்சு ஓரத்துல ஒட்டற பட்டை தச்சுகிட்டேன். எலும்பு கீழே வந்து சேர்றதோட முடியாது, புது எலும்பு கெட்டியாகணும். 1 சென்டிமீட்டர் எலும்புக்கு ஒண்ணு ரெண்டு மாசம் வளையத்தோட இருக்கணும்னு கணக்கு வச்சுக்கோங்க. இப்போ வளையம் இல்ல, புண்ணும் திறக்கல. கொஞ்சம் கால் குட்டை, செருப்புல ஒரு அடுக்கு போட்டிருக்கேன். அந்த வருஷத்தை மறுபடி கொடுத்தாலும் நான் அதையேதான் செய்வேன்.

எலும்பு வார்டு மிஸ்ஸி

தம்பி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வளையம் எல்லாருக்கும் வேண்டியதில்லை. எலும்பின் குறுக்கே முழுவதும் கெட்டிருந்தால், அல்லது கூடவே இல்லை என்றால்தான் அந்த அளவுக்குப் போக வேண்டும். மேல்தோடு மட்டும் செத்திருந்தால் சீவி எடுத்து, பக்கத்துச் சதையைத் திருப்பிப் போர்த்தினால் போதும். 1985ல் சியர்னி, மேடர் என்ற இரண்டு மருத்துவர்கள் இதற்கு ஒரு வகைப்பாடு எழுதினார்கள். கெட்டது எலும்பின் உள்குழலா, மேல்தோடா, ஒரு பகுதியா, முழுக் குறுக்கேயா என்று நான்கு வகை. அதில் எனக்குப் பிடித்தது, எலும்போடு நிறுத்தாமல் ஆளையும் பார்த்தார்கள். சர்க்கரை எப்படி, சிகரெட் எப்படி, ரத்த ஓட்டம் எப்படி, சாப்பாடு எப்படி என்று. ஆள் பலவீனமாக இருந்தால் முதலில் ஆளைத் தேற்று, பிறகு கத்தியை எடு என்பதுதான் அதன் உள்ளடக்கம். தங்கச்சி, அண்ணனிடம் இதைச் சொல். 9.6 சர்க்கரையோடும் சிகரெட்டோடும் மேசையில் ஏறினால் எவ்வளவு நல்ல சர்ஜன் செய்தாலும் பாதி வேலை வீணாகும். புகை சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், எலும்பு கூடுவது தள்ளிப்போகும்.

தோட்டத்துத் தங்கச்சி

நேற்று ராத்திரி அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார்கள். வளையம் போட்ட அண்ணன் எழுதியதைப் படிக்கும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்த ஆளு இப்ப நடக்கிறாரா"ன்னு மட்டும் கேட்டார். ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொல்லிவிட்டார்.

இப்போது பயம் வேறு. மாதக்கணக்கில் வேலை இல்லை என்றால் சம்பளம்? நாங்கள் இருப்பது தோட்டத்து லயத்து வீடு. வேலை இருக்கும்வரைதான் வீடு. பிள்ளைகள் இருவர் படிக்கிறார்கள். கம்பி, பிளேட் எல்லாம் வெளியிலிருந்து நாமே காசு கொடுத்து வாங்க வேண்டும் என்கிறார்கள், உண்மையா?

கிராணி வீட்டுப் பையன்

அக்கா, இதற்குத்தான் சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், இருக்கிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் வேலை விபத்துதான். விபத்து நடந்த சமயம் தோட்டத்து ஆபீஸில் அறிக்கை கொடுத்தார்களா? முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். கொடுத்திருந்தால் கேஸ் நம்பர் இருக்கும். ஆபீஸில் நேராகப் போய்க் கேளுங்கள். "தெரியாது" என்று சொன்னால் போலீஸ் ரிப்போர்ட், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாள், அன்றைய வருகைப் பதிவு மூன்றையும் எடுத்துக்கொண்டு சொக்சோ ஆபீஸுக்கே போங்கள். நான் பார்த்தவரை தோட்டங்களில் பாதிப் பேர் முதல் எம்.சி. (மருத்துவ விடுப்பு) பணத்தை வாங்கியதோடு கேஸ் முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். அதே காலில், அதே காயத்தால் வந்த சிக்கல் இது. இப்போது ஆபரேஷன் செய்து எம்.சி. கொடுத்தால், அது பழைய விபத்தின் தொடர்ச்சி என்று டாக்டர் எழுத வேண்டும். அந்த எழுத்து மிக முக்கியம். எம்.சி. 4 நாளுக்குக் குறையாமல் இருந்தால் சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். கால் முழுதாகத் தேறாவிட்டால் நிரந்தர ஊனத்துக்கு மருத்துவ வாரியம் பார்த்து முடிவு செய்யும். சொக்சோவுக்கு மலாக்காவில் சொந்த மறுவாழ்வு மையம் இருக்கிறது, 2014லிருந்து நடக்கிறது. தங்கிப் பயிற்சி எடுத்து மறுபடி வேலைக்குப் போக வழி செய்கிறார்கள்.

கம்பி, பிளேட் விஷயம் உண்மைதான். அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்டுக்கும் ஆபரேஷனுக்கும் கட்டணம் குறைவு, நிபுணர் கிளினிக்கே 5 வெள்ளிதான். ஆனால் உள்ளே வைக்கும் சாமான் நம் செலவாக வரலாம். சொக்சோ கேஸாக இருந்தால் அதை அவர்களிடம் கேட்கலாம். இல்லை என்றால் ஆஸ்பத்திரிக்குள்ளேயே மருத்துவ சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது. டாக்டரிடம் கடிதம் வாங்கி அங்கே போனால், சம்பளச் சீட்டைப் பார்த்து சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு மனு எழுதுவார்கள். ஆபரேஷன் தேதிக்கு முன்பே போக வேண்டும். தேதி நெருங்கிப் போனால் சாமான் வராமல் ஆபரேஷன் தள்ளிப்போகும்.

வீட்டு விஷயம் எனக்கும் மனதை உறுத்துகிறது. எம்.சி.யில் இருக்கும் ஆள் வேலையை விட்டவர் இல்லை. யாராவது வாய்வார்த்தையாக வீட்டைக் காலி செய்யச் சொன்னால், எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் உடனே சொல்லிவிடுங்கள்.

குளுவாங் மகள்

எல்லாரும் காலைக் காப்பாற்றுவதையே பேசுகிறீர்கள், நான் மறுபக்கத்தைச் சொல்லலாமா? என் அப்பாவுக்கும் இதேதான். ஆனால் சர்க்கரையால் காலில் ரத்த ஓட்டமே இல்லை. ஆபரேஷன் மேல் ஆபரேஷன், ஒவ்வொரு தடவையும் நம்பிக்கை, ஒவ்வொரு தடவையும் மறுபடி சீழ். மனுஷன் படுக்கையோடு படுக்கையாகி, யாரோடும் பேசாமல் ஆகிவிட்டார். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்த பிறகுதான் எங்கள் வீட்டில் அவர் சிரிப்புச் சத்தம் மறுபடி கேட்டது. செயற்கைக் கால் போட்டுக் கோயிலைச் சுற்றி வருகிறார். காலை எடுத்தால் வாழ்க்கையே முடிந்தது என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். அப்படி எழுதியதைப் படித்துத்தான் அப்பா அத்தனை காலம் பயந்து கிடந்தார்.

எலும்பு வார்டு மிஸ்ஸி

மகளே, நீ எழுதியது ரொம்பச் சரி. எல்லா வழியையும் டாக்டர் மேசை மேல் வைக்க வேண்டும், அதில் காலை எடுப்பதும் ஒன்று. மருத்துவம் நோயைவிடக் கொடுமையாகப் போகும் நிலை சிலருக்கு உண்டு. ஆனால் தங்கச்சியின் அண்ணனுக்கு 44 வயது, நடக்கிறார், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறது என்றால் அந்த முடிவுக்குப் போக இன்னும் தூரம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பார்த்துச் சொல்ல வேண்டியது சர்ஜன்.

ஒன்றுமே செய்யாமல் இப்படியே வடிய விடுவதும் சும்மா போகாது. பல வருஷம் ஆறாத புண்ணின் ஓரத்தில் தோல் புற்று வரலாம். 1828லேயே மார்ஜோலின் என்ற பிரெஞ்சு சர்ஜன் ஆறாத வடுக்களில் வரும் புண்ணைப் பற்றி எழுதினார், இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறார்கள். புண்ணின் ஓரம் தடித்து மேலே வளர்ந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, நாற்றம் மாறினாலோ உடனே ஒரு துண்டு எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மூலிகை மாமா

மிஸ்ஸி சொல்றதை நான் மறுக்கல. ஆனா பிரண்டைல பலன் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. நம்ம முன்னோர் சும்மாவா எழுதி வச்சாங்க? ஆஸ்பத்திரியும் போகட்டும், இதையும் சாப்பிடட்டும்.

எலும்பு வார்டு மிஸ்ஸி

மாமா, பிரண்டைத் துவையல் தாராளமாகச் சாப்பிடட்டும், சாதத்தோடு நல்லெண்ணெய் ஊற்றி நானும் சாப்பிடுகிறேன். சீழ் வடியும் வாயில் மட்டும் எதையும் அரைத்துப் போட வேண்டாம், அது எலும்புவரை திறந்திருக்கிற வழி. கம்பத்தில் எண்ணெய் போட்டு உருவுவதும் வேண்டவே வேண்டாம்.

உங்களோடு நான் உண்மையாகவே மல்லுக்கு நிற்பது பத்தியத்துக்கு எதிராகத்தான். மீன் முட்டை நிறுத்தாதீர்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். வார்டில் நம் ஆட்கள் வெறும் ரசம் சாதமும் அப்பளமும் சாப்பிட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள், தட்டில் வந்த முட்டையை ஓரமாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் மலாய்க்கார அம்மா மகனுக்கு ஹாருவான், நம் விரால் மீன்தான், சூப் வைத்துக் கொண்டுவந்து ஊட்டுவார். எனக்கு அந்த அம்மாவின் வழிதான் சரியாகப் படும். விராலோ கெம்போங் மீனோ முட்டையோ பருப்போ, ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். இறால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் விட்டால் போதும்.

தோட்டத்துத் தங்கச்சி

போய்விட்டு வந்தோம். கிளினிக்கில் கடிதம் வாங்கி நிபுணரைப் பார்த்தோம். டப்பாவில் இருந்ததைக் காட்டினேன். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு "எலும்புதான்" என்றார். எக்ஸ்-ரேயில் ஒரு பக்கம் எலும்பு கூடியிருக்கிறது, பிளேட்டுக்கு அடியில் ஒரு துண்டு தனியாக வெள்ளையாகத் தெரிகிறது. அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு. சி.டி. ஸ்கேனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள், எவ்வளவு கூடியிருக்கிறது என்று அதில் தெரியுமாம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் ஏறியிருக்கின்றன. எலும்பு தாங்கும் என்று தெரிந்தால் பிளேட்டை எடுத்து, செத்ததைச் சீவி, மருந்து மணி வைப்பார்களாம். தாங்காது என்றால் வெளியே கம்பி. ஆய்வுக்கூட அக்கா சொன்ன வரியை எழுதச் சொன்னேன், எழுதிவிட்டார். மாத்திரையை இப்போதே நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு 6 வாரம் மருந்து இருக்குமாம்.

இரண்டு சந்தேகம். 6 வாரமும் ஊசிதானா, வார்டிலேயே கிடக்க வேண்டுமா? இப்போது மாத்திரை இல்லாமல் இருக்கும் நாட்களில் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

எலும்பு வார்டு மிஸ்ஸி

ரொம்ப நல்ல செய்தி தங்கச்சி.

முன்பெல்லாம் 6 வாரமும் ஊசிதான் என்று வைத்திருந்தோம். 2019ல் பிரிட்டனில் 1,054 பேரை வைத்துச் செய்த ஓவிவா ஆய்வு வெளிவந்தது. முதல் 6 வாரத்துக்கு ஊசி போட்டவர்களுக்கும் சரியான மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஒரு வருஷம் கழித்துப் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆகவே ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் ஊசி, கிருமி தெரிந்ததும் மாத்திரை என்று மாற்ற வாய்ப்பு உண்டு. எந்த மாத்திரை என்பது ஆய்வுக்கூட ரிப்போர்ட்டைப் பொறுத்தது. ரிஃபாம்பிசின் கொடுத்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். அதைத் தனியாகச் சாப்பிடக் கூடாது, கூட இன்னொரு மருந்து இருந்தே ஆக வேண்டும். ஒன்று தீர்ந்துபோனால் மற்றதை மட்டும் விழுங்கிக்கொண்டிருக்காமல் உடனே மருந்தகத்துக்குப் போங்கள். அண்ணனுடைய சர்க்கரை மாத்திரையின் வேகத்தையும் அது குறைக்கலாம், என்னென்ன சாப்பிடுகிறார் என்று எல்லா அட்டையையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த நாட்களில் புண் திறந்து வடிந்தால் அது எதிர்பார்த்ததுதான். சுத்தமான காஸ் வைத்துக் கட்டுங்கள், அமுக்கிப் பிழியாதீர்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், சிவப்பு மேலே ஏறுவது, தொடை இடுக்கில் நெறி கட்டுவது, ஆள் குழம்பிப் பேசுவது, சர்க்கரை தாறுமாறாக ஏறுவது, இதில் எது வந்தாலும் தேதிக்குக் காத்திருக்காமல் ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போனதும், "எலும்பில் கிருமி, ஆபரேஷனுக்காக மாத்திரை நிறுத்தியிருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நிபுணர் கொடுத்த அட்டை அண்ணன் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

குலை வெட்டப் போக வேண்டாம். பாதி கூடிய எலும்பு, ஒரு தடுக்கில் மறுபடி முறியும். எம்.சி. கொடுத்தார்களா? கொடுக்காவிட்டால் நாளைக்கே போய்க் கேள், அந்தத் தம்பி சொன்ன பழைய விபத்துத் தேதியும் அதில் ஏறட்டும்.

காலில் வளையம் போட்டவன்

அண்ணன்கிட்டச் சொல்லுங்க, நடக்கிறேன். மகள் கல்யாணத்துல பந்தியும் பரிமாறினேன். அவர் பேசணும்னு நினைச்சா நெறியாளர் மூலமா எனக்கு எழுதச் சொல்லுங்க, ராத்திரி எந்நேரமானாலும் பதில் போடுறேன்.